சித்திரையில் அளந்த நிழல்

மேலகரத்தில் நிர்மலாதேவி வீடு எது என்று கேட்டால் யாரும் கதவு எண் சொல்ல மாட்டார்கள். "சத்தம் வருத வீடு" என்பார்கள். அவள் கணவன் முத்துச்செல்வம் இருபத்திரண்டு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவன். அதிர்ந்து ஒரு சொல் பேச மாட்டான். பட்டாளத்துக்குப் போனவன் சாதுவாகத் திரும்பினான், ஊரில் இருந்தவள் பட்டாளமாகிவிட்டாள் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அதை முதலில் சொன்னவர் யார் என்று அவளுக்குத் தெரியும். அவர் வீட்டில் ஃபியூஸ் போனால் இன்றைக்கும் தென்காசியிலிருந்துதான் ஆள் வர வேண்டும்.

வயது நாற்பத்திரண்டு. ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படித்தவள், அந்த வருஷத்து வகுப்பில் ஒரே பெண். திருநெல்வேலியில் ஒரு சோலார் கம்பெனியில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இரண்டரை வருஷத்துக்கு முன்னால் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். இப்போது சொந்தமாக வீடுகளுக்கு சோலார் பேனல் மாட்டிக் கொடுக்கிறாள். முத்துச்செல்வம் லோடு ஆட்டோ ஓட்டுவான், ஏணியைப் பிடிப்பான். ஏறுவது அவள்.

எதற்கெடுத்தாலும் கோபப்படுகிறவள் என்று சொல்வது அநியாயம். மழை பெய்தால் கோபப்பட மாட்டாள், பஸ் தாமதமானால் கோபப்பட மாட்டாள். பொய் சொன்னால்தான் அவளுக்குக் காது சிவக்கும். "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்ற சொல் அவளுக்குக் கெட்ட வார்த்தை. நம் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்காமல் ஒரு நாளை ஓட்ட முடியுமா? அதனால்தான் தினமும் சத்தம்.

அந்த மார்கழி மாதம் நாலாம் தேதி காலையில் சத்தம் தென்காசியில், மணிமுத்துவின் சோலார் கடையில் கேட்டது.

ஏழு மாதமாக அவள் அவனிடம் பத்தே பத்து ஆப்டிமைசர் கேட்டுக்கொண்டிருந்தாள். பேனல்களை ஒன்றோடொன்று கோர்த்து ஒரே கம்பியில் இன்வெர்ட்டருக்கு இறக்குவதுதான் வழக்கம். செடிக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் பைப்பில் ஒருவன் மிதித்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும்? பாதிப் பேனல்களில் நிழல் விழுந்தாலும் அதுதான் ஆகும். வெயிலில் இருக்கிற மீதியும் சேர்ந்து தள்ளாடும். ஆப்டிமைசர் என்பது ஒவ்வொரு பேனலுக்கும் முதுகில் மாட்டுகிற உள்ளங்கை அகலப் பெட்டி. அது இருந்தால் நிழல் விழுந்த பேனலின் நஷ்டம் அந்தப் பேனலோடு நிற்கும். ஆனால் பெட்டிதான் கிடைக்கவில்லை. கப்பலில் வருகிறது என்றான், துறைமுகத்தில் நிற்கிறது என்றான், சர்டிபிகேட் வரவில்லை என்றான். ஆனி போய், ஆடி போய், ஐப்பசியும் போயிற்று.

அந்தப் பத்துப் பெட்டியும் கடையநல்லூர் ரஹ்மத்துக்கு. ரஹ்மத்தின் வீட்டுக்காரர் சவுதியில், தம்மாமில் இருக்கிறார். இவள் வீட்டின் கீழ்த்தளத்தில் பதினோரு பெண்களை வைத்து நைட்டியும் யூனிபாரமும் தைத்துக் கொடுக்கிறாள். அந்தத் தெருவில் கரண்டு போவது மதியச் சாப்பாடு மாதிரி, நேரம் தப்பாது. ஜெனரேட்டர் வைக்க இடமில்லை. சோலாரும் பேட்டரியும்தான் கதி. சித்திரை, வைகாசியில் எல்லாம் ஒழுங்காக ஓடும். கார்த்திகை பிறந்துவிட்டால் தெற்கு வீட்டுக்காரரின் மூன்றாவது மாடி நிழல் பாதிப் பேனல்களின் மேல் வந்து படுத்துக்கொள்ளும். பேட்டரி நிறையாது. இரண்டு மணிக்குக் கரண்டு போனால் பதினோரு மிஷினும் நிற்கும்.

போன வருஷம் பொங்கலுக்குக் கொடுக்க வேண்டிய சரக்கு தை பத்தாம் தேதிதான் போய்ச் சேர்ந்தது. இந்த வருஷமும் பிந்தினால் இனி ஆர்டர் கிடையாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். எழுநூறு நைட்டி. ரஹ்மத் அதற்கும் சத்தம் போடவில்லை. "தை பொறந்ததும் மிஷினையெல்லாம் வித்துரலாம்னு இருக்கேன் அக்கா" என்று டீயைக் கையில் கொடுத்துக்கொண்டே சொன்னாள். அதைக் கேட்ட நாளிலிருந்து நிர்மலாதேவிக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

"வந்துச்சு அக்கா. வந்து, போயிருச்சு" என்றான் மணிமுத்து அன்றைக்குக் கடையில்.

"எங்கலே போச்சு?"

"குற்றாலத்துக்கு. ஐந்தருவி ரோட்டுல ஆவுடைநாயகம் அண்ணாச்சி புது ரிசார்ட்டு கட்டியிருக்காருல்லா. இருபது வந்துச்சு, இருபதையும் அவரே எடுத்துக்கிட்டாரு."

"அங்கன நிழல் ஏதுலே? மலைய ஒட்டியா இருக்கு? மொட்டை மாடி. பக்கத்துல ஒரு முருங்கை மரம் கூடக் கெடையாது. நான் பாத்திருக்கேன்."

"அவருதான் அக்கா சொன்னாரு. எங்க ஊர்ல பாதி வருசம் நிழல்தான், வெயிலயே பாக்க முடியாதுன்னாரு. நிழலுக்கு உண்டான ஐட்டம் இதுதான்னு நானும் குடுத்தேன்."

நிர்மலாதேவி தோளில் கிடந்த பையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கடையில் வேலை பார்த்த பெண் எழுந்து பின்பக்கம் போய்விட்டாள், அனுபவசாலி.

"ஏலே, அது மந்தாரம்லா? சாரல் காலத்துல வானம் மூடிக் கெடக்கதையா நீ நிழல்னு எழுதின?"

மந்தாரம் வேறு, நிழல் வேறு. இது எங்கள் பக்கத்தில் ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். மந்தாரம் ஊருக்கே பொது. மேகம் மூடினால் இருக்கிற எல்லாப் பேனலுக்கும் ஒரே மாதிரி வெளிச்சம் குறையும். பந்தியில் எல்லோருக்கும் அரை வயிற்றுச் சோறுதான் என்றால் எந்தப் பெட்டியை மாட்டி யாருக்கு எதை மிச்சம் பிடிப்பது? நிழல் அப்படியில்லை. அது ஆள் பார்த்து விழும்.

"வியாபாரம்னா அப்படித்தான் அக்கா. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க. மாசியில அடுத்த லோடு வரும்."

அந்தச் சொல்லுக்குப் பிறகு அங்கே நடந்ததை எழுதினால் அச்சில் ஏறாது. வெளியே ஆட்டோவில் இருந்த முத்துச்செல்வம் கேட்காமலே வண்டியைக் குற்றாலத்துப் பக்கம் திருப்பினான்.

வழியெல்லாம் ஐயப்ப பக்தர்களின் பஸ்கள். ஒவ்வொன்றுக்கும் ஒதுங்கி நின்று போக வேண்டியிருந்தது. "ஒரு டீ குடிச்சிட்டுப் போவமா?" என்றான் அவன். "நீங்க குடிங்க. அதுக்குள்ள அங்க இருபதையும் மாட்டி முடிச்சிருவாங்க" என்றாள் அவள்.

ரிசார்ட் மாடியில் இரண்டு பேர் அப்போதுதான் கடைசிப் பெட்டிகளைத் திருகிக்கொண்டிருந்தார்கள். ஆவுடைநாயகம் வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். அறுபது வயதிருக்கும். நிலமும் வயலும் உள்ள குடும்பம், மரியாதைக்குப் பழகிய முகம். நிர்மலாதேவி வணக்கம் சொன்னாள். அதற்குப் பிறகு சொன்னதில் வணக்கம் இல்லை.

"அண்ணாச்சி, ஒங்க தலையில மொளகாய் அரைச்சிருக்கான். இது மந்தாரத்துக்கு உதவாது."

"வித்தவன் உதவும்னு சொல்லுதான். நீ உதவாதுன்னு சொல்லுத. நான் யாரை நம்பம்மா?"

"என்னையும் நம்பாதிய. மீட்டரை நம்புங்க."

அன்றைக்கும் மலைமேல் மேகம் இறங்கி வெயில் மங்கித்தான் கிடந்தது. பையிலிருந்து மீட்டரை எடுத்து, பெட்டி மாட்டாத நாலு பேனல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு அளந்து காட்டினாள். நாலும் ஒரே கணக்கு, ஒரு புள்ளி முன்னே பின்னே. "பாத்தியளா? எல்லாம் ஒண்ணு போல. இதுல எவனை எவன்கிட்ட இருந்து காப்பாத்த இந்தப் பெட்டி?"

ஆவுடைநாயகம் முட்டாள் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்களைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"சரி, நான் ஏமாந்துட்டேன். ஒனக்கு இதுல என்ன?"

ரஹ்மத்தின் கதையைச் சொன்னாள். தெற்கு வீட்டு மூன்று மாடி, அதன் நிழல், பதினோரு பெண்கள், எழுநூறு நைட்டி, பொங்கல். பத்துப் பெட்டியை மட்டும் வாங்கின விலைக்கே கொடுத்துவிடும்படி கேட்டாள். கேட்டாள் என்று சொல்வது மரியாதைக்கு. அவள் கேட்ட விதத்தில் திருகாணி போட்டுக்கொண்டிருந்த இருவரும் கையை எடுத்துவிட்டார்கள்.

"கழட்ட விட மாட்டேன்" என்றார் அவர். "வித்தவன் வரணும். இங்கன நின்னு எனக்குப் பதில் சொல்லணும். அதுவரைக்கும் சாட்சியா அது அப்படியே கெடக்கட்டும். ஆனா ஒண்ணு கேக்கேன். அந்தம்மா வீட்டுல பேனல் போட்டது யாரு?"

"ஒரு கம்பெனி."

"மூணு மாடி வீடு பக்கத்துல நிக்கி, நிழல் விழும்னு தெரியாமலா போட்டான்? பாத்தவன் ஒருத்தன் இருப்பான்லா? பாத்துட்டு எழுதிக் குடுத்தவன்? மணிமுத்து கெடக்கான், அவன் சில்லறைத் திருடன். எழுதிக் குடுத்தவன்லாம்மா மொத குத்தவாளி. அவனைப் போயி இந்த மாதிரி நாலு கேள்வி கேட்டியா?"

மேலகரத்துக்கே சத்தம் போடுகிறவள் மீட்டரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். ஏணியடியில் நின்ற முத்துச்செல்வம் தரையைப் பார்த்தான். "வாரேன் அண்ணாச்சி" என்று இறங்கினாள்.

ஆட்டோவில் ஏறியதும் திரும்ப ஆரம்பித்தாள். மணிமுத்துவை ஏசினாள், ஆவுடைநாயகத்தை ஏசினாள், கப்பலை ஏசினாள், சர்டிபிகேட் கொடுக்காதவனை ஏசினாள், வழிவிடாமல் நின்ற பஸ்ஸை ஏசினாள். முத்துச்செல்வம் பொறுத்துப் பார்த்துவிட்டு வண்டியை ஓரங்கட்டினான். சாவியைத் திருகி எஞ்சினையும் நிறுத்தினான்.

"ஆவுடைநாயகம் அண்ணாச்சி மாடியில நிழல் இல்ல" என்றான்.

"அதத்தானே நானும் கத்துதேன்!"

"நம்ம மாடியிலயும் நிழல் இல்ல. ஆனா ரெண்டு வழி இன்வெர்ட்டர் நம்ம வீட்டுலதானே கெடக்கு."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அவள் கையிலிருந்த ஸ்பேனர் பறந்திருக்கும். வருஷத்தில் இரண்டு தடவை பேசுகிறவன் இப்படிப் பேசினால் என்ன செய்வது?

இனி நடந்ததைச் சொல்லிவிட வேண்டியதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் திருநெல்வேலிக் கம்பெனிக்காக ரஹ்மத் வீட்டு மாடியில் நிழல் பார்த்தவள் நிர்மலாதேவி. பார்த்தது சித்திரை மாதம். எங்கள் பக்கத்தில் சித்திரை உச்சியில் சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும், ஆளின் நிழல் அவன் காலுக்குள்ளேயே ஒடுங்கிக் கிடக்கும். அன்றைக்கு அந்த மாடி முழுக்க வெயில். ஆனால் மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து வரும், தெற்கே நிற்கிற கட்டடத்தின் நிழல் வடக்கே நீளும் என்று அவளுக்குத் தெரியாதா? மேனேஜரிடம் சொல்லவும் செய்தாள். நிழல் விழப்போகிற முன்வரிசையைத் தனி வழியாகப் பிரித்து, இரண்டு வழி உள்ள இன்வெர்ட்டர் போட வேண்டும் என்றாள். அந்தச் சரக்கு அப்போதும் தட்டுப்பாடு. "இருக்கதைப் போட்டு முடி. இன்னைக்குப் பாத்தா நிழல் இல்லதானே? இல்லன்னு எழுது. பொய்யா சொல்லுத?" என்றார் மேனேஜர். பொய் இல்லைதான். சித்திரைக்கு அது மெய். 'நிழல் இல்லை' என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டாள். ஆறு மாதம் கழித்து வேறு ஒன்றுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, தனக்கென்று ஒரு இரண்டு வழி இன்வெர்ட்டரைக் குடோனிலிருந்து விலைக்கு எடுத்துக்கொண்டாள். நிழலே விழாத தன் வீட்டு மாடிக்கு!

அவள் ஏழு மாதமாக ஆப்டிமைசர், ஆப்டிமைசர் என்று நின்றதற்கும் காரணம் உண்டு. பேனலுக்குப் பின்னால் பெட்டியை மாட்டினால், "புது டெக்னாலஜி வந்திருக்கு ரஹ்மத்து" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். கம்பியைப் பிரித்து இன்வெர்ட்டரை மாற்றினால், இதை முதலிலேயே ஏன் செய்யவில்லை என்று ஒரு கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் ஒரு கப்பலுக்குக் காத்துக் கிடந்தாள். அதற்குள் இரண்டு மார்கழி போய் மூன்றாவதும் வந்துவிட்டது. ஊரெல்லாம் பொய்யனைத் தேடி ஏசுகிறவள், தன் பொய்யை மட்டும் பத்திரமாக வைத்திருந்தாள். அவள்மேல் அவளுக்கே வந்த கோபத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. "வண்டிய எடுங்க" என்றாள்.

மறுநாள் காலையில் தன் வீட்டுச் சுவரிலிருந்து இன்வெர்ட்டரைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கடையநல்லூர் போனார்கள். மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ரஹ்மத் வழக்கம்போல, "வாங்க அக்கா, டீ போடுதேன்" என்று எழுந்தாள்.

"டீ வேண்டாம். நான் சொல்லுததை முதல்ல கேளு. மார்கழியில தெற்கு வீட்டு நிழல் விழுந்துதான் பேட்டரி நிறைய மாட்டேங்கு. அது விழும்னு எனக்கு அப்பமே தெரியும். தெரிஞ்சே இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன்."

இன்வெர்ட்டரைக் காட்டி, இன்றைக்குச் செய்யப்போவதை அன்றைக்கே செய்திருக்கலாம் என்பதையும் சொல்லி முடித்தாள். மேனேஜர் பேரை இழுக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

ரஹ்மத் சத்தம் போட்டு அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டார்கள். மிஷின்கள் ஒன்றொன்றாக நின்றன.

"மூணு வருசமா நான் யாரை ஏசினேன் தெரியுமா? இந்தப் பொம்பளைகளை! அயர்ன் பாக்ஸைச் சும்மா சும்மா போடாதிய, ஃபேனை அமத்துங்க, நீங்கதான் கரண்டைத் தின்னுதிய, அதான் பேட்டரி நிக்க மாட்டேங்குன்னு இவங்களைப் பாடாப் படுத்தினேன். போன மார்கழியில முப்பிடாதிங்கறவள வேலைய விட்டே நிறுத்துனேன். கண்ணுக்கு முன்னால ஃபேனைப் போட்டாளேன்னு! அவ அழுதுக்கிட்டே போனா. நீங்க அன்னைக்கும் இங்கன உக்காந்து டீ குடிச்சிய. ஒரு வார்த்தை சொன்னியளா?"

நிர்மலாதேவிக்கு அந்த நாள் நினைவிருந்தது. டீயில் இஞ்சி போட்டிருந்ததுகூட நினைவிருந்தது. ஒரு பெண் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தபடி படியிறங்கிப் போனாள். என்ன சங்கதி என்று இவள் கேட்கவில்லை.

"மேல போயி வேலையப் பாருங்க" என்றாள் ரஹ்மத்.

பார்த்தாள். நிழலுக்குள் அகப்படுகிற முன்வரிசை ஐந்தையும் ஒரு வழியில் கோர்த்தாள், தப்பித்த பின்வரிசை ஐந்தையும் இன்னொரு வழியில் கோர்த்தாள். இனி முன்வரிசை படுத்தாலும் பின்வரிசை தன்பாட்டுக்கு உழைக்கும். வேலை மூன்று மணி நேரம்கூட இல்லை. இதற்கா மூன்று வருஷம் என்று நினைக்கும்போதெல்லாம் திருகாணியைத் தேவைக்கு மேல் இறுக்கினாள். டீ வரவில்லை. முத்துச்செல்வம் கடையிலிருந்து வாங்கி வந்ததையும் அவள் குடிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ரஹ்மத் மாடிக்கு வந்தாள். தெற்கு வீட்டு நிழல் முன்வரிசை முழுக்க மூடித் தளத்தில் கறுப்பாகக் கிடந்தது. அதன் விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். நிர்மலாதேவி அவள் காதில் சொருகியிருந்த தையல் சாக்பீஸைக் கேட்டு வாங்கி, அந்த விளிம்பில் ஒரு கோடு போட்டாள்.

"சாக்பீஸுன்னா மழையில போயிரும்" என்றாள் ரஹ்மத். கீழே போய், வாசல் கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த கறுப்புப் பெயிண்டும் பிரஷும் கொண்டுவந்து வைத்தாள். "இதுல எழுதுங்க. நாளைக்கு வேற எவனாவது வந்து சித்திரையில அளந்துட்டுப் போவான்."

நிர்மலாதேவி குனிந்து கோட்டைப் பெயிண்டில் இழுத்தாள். பக்கத்தில், 'மார்கழி 5, பகல் 12 மணி, நிழல் இதுவரை' என்று எழுதினாள். எழுந்திருக்கப் போனாள்.

"கையெழுத்து?" என்றாள் ரஹ்மத்.

போட்டாள். காகிதத்தில் போட்டதைவிடப் பெரிதாகவே விழுந்தது.

இரண்டு மணிக்குக் கரண்டு போயிற்று. கீழே மிஷின்களின் சத்தம் நிற்கவில்லை. மூன்று மணிக்கும் நிற்கவில்லை. ஒருத்தி எழுந்து தயங்கித் தயங்கி ஃபேனைப் போட்டாள். ரஹ்மத் அவளைப் பார்த்தாள், அணைக்கச் சொல்லவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்து சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்த நிர்மலாதேவியின் பக்கம் திரும்பினாள்.

"முப்பிடாதி வீடு அச்சன்புதூருல. அவ திரும்பி வந்தாத்தான் எழுநூறு முடியும். நான் கூப்பிட்டா வர மாட்டா. அவ மேல தப்பு இல்லன்னு நீங்கதான் போயிச் சொல்லணும். அவ வீட்டுக்காரர் முன்னாலயும் சொல்லணும். அவரும் அவளை ஏசியிருக்காரு."

நிர்மலாதேவி பெயிண்டுக் கையைச் சேலை முந்தானையிலேயே துடைத்தாள்.

"எந்தத் தெரு?" என்று கேட்டாள்.